இயர்பட்ஸ் போனோடு சேரவில்லையா? புளுடூத் இணைப்பதற்கும் கோளாறு நீக்குவதற்கும் முழு வழிகாட்டி

செங்கோட்டையில் மொபைல் சர்வீஸ் வேலை பார்க்கிறேன். பண்பொழி, புளியரை தொடங்கி கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலை வரைக்கும் உள்ளவர்கள் எங்கள் கவுண்டருக்கு வருவார்கள். "இயர்பட்ஸ் கெட்டுப்போச்சு, பார்த்துத் தாங்க" என்று கொடுப்பதில் நிறைய உண்மையில் கெட்டே போயிருக்காது. பழைய போனோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சார்ஜிங் பின்னில் அழுக்கு ஏறியிருக்கும், அல்லது போனில் ஏதோ ஒரு பட்டன் அணைந்திருக்கும். அவற்றை வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். பாட்டு உங்கள் காதுக்கு வர மூன்று கட்டம் தாண்ட வேண்டும். டவரிலிருந்து போனுக்கு வருவது ஒன்று. போனிலிருந்து புளுடூத் வழியாக இயர்பட்ஸுக்குப் போவது இரண்டு. இயர்பட்ஸுக்குள் இருக்கும் பேட்டரியும் ஸ்பீக்கரும் மூன்று. இதில் எந்தக் கட்டத்தில் அறுந்தது என்று தெரியாமல் கண்ட பட்டனையும் அழுத்தினால், நன்றாக இருந்த செட்டிங்கும் கலைந்துபோகும்.

டப்பாவைப் பிரித்ததும்

புது இயர்பட்ஸ் என்றால், காதில் மாட்டும் இரண்டு பட்களையும் சார்ஜ் ஏற்றும் கேஸிலிருந்து எடுத்து அடியில் பாருங்கள். தங்க நிறத்தில் சின்னச் சின்ன புள்ளிகள் இருக்கும். அவைதான் சார்ஜிங் பின்கள். பல கம்பெனிகள் அதன்மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி அனுப்புவார்கள். அதை உரிக்காமல் கேஸில் வைத்தால் சார்ஜ் ஏறாது. கேஸில் வைத்திருப்பதும் பட்டுக்குத் தெரியாது. புதுசு வாங்கிய மறுநாளே "ஒரு பக்கம் செத்துப்போச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

அடுத்து கேஸை முழுதாகச் சார்ஜ் போடுங்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு. இப்போது வரும் போன் சார்ஜர்களில் இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிள் வருகிறது. விலை குறைந்த இயர்பட்ஸ் கேஸ்கள் சிலவற்றில், அந்தக் கேபிளில் கரண்ட் கேட்பதற்கு வேண்டிய இரண்டு சின்ன ரெசிஸ்டர்களைக் கம்பெனிக்காரர்கள் வைப்பதில்லை. அவை இல்லையென்றால் சார்ஜர் கரண்டே விடாது. அதனால் கேஸில் விளக்கு எரியவில்லை என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு முனை பழைய அகலமான யூ.எஸ்.பி., மறுமுனை டைப்-சி என்று இருக்கும் கேபிளில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் டப்பாவோடு வரும் குட்டிக் கேபிள் அப்படிப்பட்டதுதான். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இணைக்கும் முறை

முதல் தடவை சேர்க்கும்போது வீட்டில், அமைதியான இடத்தில் செய்யுங்கள். பஸ் ஸ்டாண்டிலோ ரயிலிலோ உட்கார்ந்து தேடினால் ஒரே மாதிரிப் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும், எது உங்களுடையது என்று தெரியாது.

1. இரண்டு பட்டும் கேஸில் இருக்கட்டும். போனை அதன் பக்கத்திலேயே வையுங்கள்.

2. கேஸ் மூடியைத் திறங்கள். சில மாடல்களில் திறந்ததுமே இணைப்பு நிலைக்கு வந்துவிடும். சிலவற்றில் இரண்டு பட்டையும் வெளியே எடுக்க வேண்டும். கேஸில் பட்டன் இருந்தால், மூடி திறந்திருக்கும்போதே அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். விளக்கு விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தால், அல்லது காதில் "பேரிங்" (ஜோடி சேர்த்தல்) என்று குரல் கேட்டால், தயார் என்று அர்த்தம். ஏர்பாட்ஸை ஆண்ட்ராய்டு போனில் சேர்ப்பவர்கள் மூடியைத் திறந்து, பின்பக்கத்தில் பட்டன் உள்ள மாடலாக இருந்தால் அதை வெள்ளை விளக்கு மின்னும் வரை பிடிக்க வேண்டும்.

3. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் போய், "கனெக்டட் டிவைசஸ்" அல்லது "புளுடூத்" என்பதைத் திறந்து, "பேர் நியூ டிவைஸ்" என்பதைத் தொடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் புளுடூத் பக்கத்தைத் திறந்து வைத்தாலே போதும், தானாகத் தேடும். எல்லைக்கு அந்தப் பக்கம் பலர் போனை மலையாளத்தில் வைத்திருப்பார்கள். எழுத்து தெரியாவிட்டாலும் புளுடூத் குறியைப் பார்த்துப் போய்விடலாம்.

4. பட்டியலில் பெயர் வந்ததும் தொடுங்கள். "பேர்" செய்யவா என்று கேட்கும், சரி கொடுங்கள். தொடர்பு எண்களையும் அழைப்பு விவரங்களையும் பார்க்க அனுமதி கேட்டால், அழைத்தவர் பெயரைக் குரலில் சொல்லும் வசதி வேண்டுமென்றால் மட்டும் கொடுங்கள். கொடுக்காவிட்டாலும் பாட்டும் பேச்சும் வேலை செய்யும்.

5. ஒரு பாட்டைப் போட்டு, முதலில் இடது, பிறகு வலது என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மூடியைத் திறந்ததும் திரையில் இயர்பட்ஸின் படமே எழும்பி வந்தால் நல்லது, அதையே தொட்டுச் சேர்த்துவிடலாம். ஆண்ட்ராய்டில் இதற்கு "ஃபாஸ்ட் பேர்" என்று பெயர். புளுடூத்தோடு லொகேஷனும் ஆன் ஆகியிருக்க வேண்டும். வராவிட்டால் குறையில்லை, மேலே சொன்ன வழியே போதும்.

சேர்ந்ததும் பெயரை மாற்றுங்கள். வீட்டில் மூன்று பேர் ஒரே கம்பெனி மாடல் வைத்திருந்தால் குழப்பம் வராமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை. ஆண்ட்ராய்டில் சாதனப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரக் குறியைத் தொட்டால் பென்சில் படம் வரும், அதில் மாற்றலாம். ஐபோனில் பல்சக்கரத்துக்குப் பதில் வட்டத்துக்குள் "i" என்ற குறி இருக்கும்.

பெயரே வரவில்லை என்றால்

ஒரு தடவை சேர்ந்த போனும் இயர்பட்ஸும் தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கேஸைத் திறந்ததும் இயர்பட்ஸ் அந்தப் பழைய போனைத்தான் முதலில் தேடும். அது பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும். தம்பி வாங்கிய இயர்பட்ஸை அக்கா போனில் சேர்க்க முடியாமல் போவது இதனால்தான். தம்பி போனில் புளுடூத்தை அணைத்துவிட்டு முயற்சி செய்யுங்கள், உடனே வரும்.

அப்படியும் வரவில்லையா? இயர்பட்ஸ் இணைப்பு நிலையில் இல்லை என்று பொருள். திரும்பக் கேஸில் போட்டு மூடி, கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, பட்டனை அழுத்திப் பிடித்து முதலிலிருந்து செய்யுங்கள்.

பட்டியலில் பெயர் இருக்கிறது, தொட்டால் "இணைக்க முடியவில்லை" என்று வருகிறது என்றால், சாவி பொருந்தவில்லை. போனில் பல்சக்கரத்தைத் தொட்டு "ஃபர்கெட்" கொடுங்கள். ஆனால் பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். போன் மறந்தாலும் இயர்பட்ஸ் மறக்கவில்லை. அதையும் மறக்க வைக்க வேண்டும், அதற்குத்தான் ரீசெட். பொதுவாக இரண்டு பட்டையும் கேஸில் வைத்து, மூடி திறந்த நிலையில் பட்டனைப் பத்துப் பதினைந்து நொடி பிடிக்க வேண்டும், விளக்கின் நிறம் மாறும். பட்டன் இல்லாத மாடலில் பட்டின் மேல் தொடும் இடத்தைப் பலமுறை தட்டுவது அல்லது நீண்ட நேரம் பிடிப்பது என்று இருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால் டப்பாவில் வந்த காகிதத்தைப் பார்த்துச் செய்யுங்கள். காகிதம் தொலைந்திருந்தால் கம்பெனி இணையதளத்தில் மாடல் பெயரைப் போட்டால் கிடைக்கும்.

இரண்டு பக்கமும் அழித்த பிறகு போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்து புதிதாகச் சேருங்கள். இந்த ஒரு முறையிலேயே பெரும்பாலான இணைப்புச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான். அடுத்து வரும் வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் போனைச் சந்தேகப்படுங்கள். செட்டிங்ஸில் "அக்சசிபிலிட்டி" என்ற பகுதியில் இடது, வலது என்று ஒரு ஆடியோ பேலன்ஸ் கோடு இருக்கும். குழந்தைகள் கையில் போன் போனால் அது ஒரு ஓரத்துக்கு நகர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. நடுவில் கொண்டுவாருங்கள்.

அடுத்து சார்ஜ். இரண்டு பட்டையும் கேஸில் வைத்து, இரண்டுக்கும் விளக்கு எரிகிறதா என்று கவனியுங்கள். எரியாத பக்கத்தின் பின்களையும், கேஸுக்குள் நிற்கும் பின்களையும் பாருங்கள். வியர்வை உப்பு படிந்து பச்சையாகவோ கறுப்பாகவோ இருக்கும். மருந்துக் கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் கொஞ்சம் தொட்டு, பிழிந்து, மெதுவாகத் துடையுங்கள். ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். பின்மேல் இருக்கும் பூச்சு போய்விட்டால் அப்புறம் துரு ஏறுவது நிற்காது. காய்ந்த பிறகு கேஸில் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள்.

இணைந்திருக்கிறது, சார்ஜும் இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் சத்தம் ரொம்பக் குறைவு என்றால் காது அழுக்கு. ரப்பர் முனையைக் கழற்றினால் உள்ளே ஒரு கம்பி வலை தெரியும். வலை கீழ்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, காய்ந்த மென்மையான பிரஷால் தேயுங்கள். மேல்நோக்கி வைத்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே விழுந்துவிடும். ரப்பர் முனையை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவலாம், முழுதாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஊமையாக இருந்தால், இரண்டு பட்டும் ஒன்றையொன்று விட்டுவிட்டன. பல மாடல்களில் ஒரு பட்தான் போனோடு நேரடியாகப் பேசும், மற்றது அதன் வழியாகத் தொடரும். அந்த ஜோடி பிரிந்தால் போன் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை, சில சமயம் எல், ஆர் என்று தனித்தனியாகக்கூட வரும். இரண்டையும் "ஃபர்கெட்" செய்யுங்கள். போன் புளுடூத்தை அணையுங்கள். இயர்பட்ஸை ரீசெட் செய்து, இரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் சிறிது நேரம் வையுங்கள். அவை முதலில் தங்களுக்குள் சேர்ந்துகொள்ளட்டும். அதன் பிறகு போன் புளுடூத்தை ஆன் செய்து தேடுங்கள். போனை முந்தவிட்டால் ஒற்றைப் பட்டையே பிடித்துக்கொள்ளும்.

பாட்டு அறுந்து அறுந்து வருகிறது

எங்கள் பகுதியில் இதற்கு இரண்டு வேறு வேறு காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் நல்ல இயர்பட்ஸை மாற்றுகிறார்கள்.

செங்கோட்டையிலிருந்து புனலூர் ரயிலில் போகிறீர்கள். 1904-ல் போட்ட மலைப்பாதை, 2018-ல் அகலப்பாதையாக மாறியது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்ததும் பாட்டு நிற்கும். இயர்பட்ஸ் தப்பில்லை. போனுக்கு டவர் இல்லை, அவ்வளவுதான். போன் உங்கள் சட்டைப் பையில், இயர்பட்ஸ் காதில். அந்த இரண்டுக்கும் இடையில் குகை எதையும் மறைக்கவில்லை. கோட்டைவாசல் மலைச் சாலையிலும் இதே கதை, தமிழ்நாட்டு டவரை விட்டுக் கேரள டவரைப் பிடிக்கும் இடைவெளியில் நெட் தடுமாறும்.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. போனிலேயே சேமித்து வைத்த ஒரு பாட்டைப் போடுங்கள். அது தடையில்லாமல் ஓடினால் குறை நெட்டில், இயர்பட்ஸைத் தொட வேண்டாம். திரையைப் பார்த்தாலும் தெரியும். நெட் போனால் இரண்டு காதும் ஒன்றாக அமைதியாகும், திரையில் வட்டம் சுற்றும், பாட்டின் கோடு நகராமல் நிற்கும். புளுடூத் அறுந்தால் சத்தம் வெட்டி வெட்டி வரும், பல சமயம் ஒரு காது முதலில் போகும், ஆனால் திரையில் பாட்டின் கோடு ஓடிக்கொண்டே இருக்கும். மலைப்பாதையில் அடிக்கடி போகிறவர்கள் பாட்டை வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொள்வதுதான் தீர்வு.

இனி உண்மையான புளுடூத் அறுப்பு. புளுடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. பாட்டு அனுப்பும் வழக்கமான புளுடூத், 79 சின்னச் சின்னத் தடங்களுக்குள் நொடிக்கு 1600 முறை வரை தாவித் தாவிப் போகும். நெரிசலான தடத்தை விட்டு ஒதுங்கிப் போகவும் அதற்குத் தெரியும். ஆனால் அதன் பலம் ரொம்பக் குறைவு. பொதுவாகப் பத்து மீட்டர் என்று கணக்கு. இந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் போன் வலது பின் பாக்கெட்டில் இருந்து, போனோடு பேசும் பட் இடது காதில் இருந்தால், நடுவில் உங்கள் உடம்பே சுவர்.

வீட்டுக்குள் இது தெரியாது. சுவரிலும் கூரையிலும் பட்டு அலை சுற்றிவந்து காதுக்குச் சேர்ந்துவிடும். செங்கோட்டை தாண்டிப் புளியரைப் பக்கம் வயல்வெளியில் நடங்கள், சுற்றிலும் எதுவும் இல்லை, அலை பட்டுத் திரும்ப இடமில்லை. வீட்டில் நன்றாக ஓடியது வெளியே வந்ததும் வெட்டும். "வெட்டவெளியில்தான் சிக்னல் நன்றாக இருக்க வேண்டும், இது என்ன தலைகீழாக இருக்கிறது" என்று கேட்பார்கள். காரணம் இதுதான். போனைச் சட்டைப் பைக்கு மாற்றினாலே முக்கால்வாசி சரியாகிவிடும். உலோகத் தகடு வைத்த கவர், காந்தம் வைத்த கவர் போட்டிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள்.

வீட்டுக்குள்ளேயே வெட்டுகிறது என்றால் வைஃபையைப் பாருங்கள். அதுவும் 2.4-லேயே ஓடினால் இடிக்கும். ரௌட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் தனியாக இருந்தால் போனை அதில் சேருங்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வேறொருவருக்கு நெட் கொடுத்துக்கொண்டே பாட்டுக் கேட்டால் வெட்டுவது சகஜம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது சமையலறையில் வெட்டினாலும் இதே காரணம்தான். லேப்டாப்பில் இணைத்தவர்கள் யூ.எஸ்.பி. 3 ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் பார்க்கலாம், அதுவும் இந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும்.

நெரிசலான இடத்தில் மட்டும் வெட்டினால், சத்தத் தரத்தைக் குறைப்பது பலன் தரும். பாட்டைச் சுருக்கி அனுப்பும் எல்.டி.ஏ.சி. என்ற முறை நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். சாதாரண எஸ்.பி.சி. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அனுப்புவது குறைந்தால் அறுவதும் குறையும். பல்சக்கரத்தைத் தொட்டு உள்ளே "எச்.டி. ஆடியோ" என்றோ "எல்.டி.ஏ.சி." என்றோ இருந்தால் அணைத்துவிடுங்கள். பயணத்தில் பெரிய வித்தியாசம் காதுக்குத் தெரியாது.

இரண்டு சாதனத்தோடு ஒரே நேரத்தில் சேரும் "மல்டிபாயிண்ட்" வசதி இருந்தால், லேப்டாப்பில் ஒரு விளம்பரம் ஓடினால்கூடப் போனில் பாட்டு நிற்கும். தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள்.

பாட்டு கேட்கிறது, போன் பேச முடியவில்லை

பாட்டுக்கும் பேச்சுக்கும் புளுடூத் வெவ்வேறு வழியைப் பயன்படுத்துகிறது. பல்சக்கரத்தைத் தொட்டால் "மீடியா ஆடியோ", "போன் கால்ஸ்" என்று இரண்டு பட்டன் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது அணைந்திருந்தால் அழைப்பு வந்ததும் சத்தம் போன் ஸ்பீக்கருக்குப் போய்விடும். ஆன் செய்யுங்கள். வாட்ஸ்அப் அழைப்பில் மட்டும் சிக்கல் என்றால், அந்த ஆப்புக்கு மைக் அனுமதியும், ஆண்ட்ராய்டு 12 முதல் வந்துள்ள "நியர்பை டிவைசஸ்" அனுமதியும் இருக்கிறதா பாருங்கள்.

பேசும்போது சத்தம் பழைய ரேடியோ மாதிரி மாறுவது கோளாறு இல்லை. மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் இயர்பட்ஸ் குறைந்த தரத்துக்கு இறங்கும். வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரரோடு முக்கியமான விஷயம் பேச வேண்டுமென்றால், காற்று வீசும் இடத்தில் இயர்பட்ஸை நம்பாமல் போனையே காதில் வைத்துப் பேசுங்கள், எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கும்.

கேம் ஆடும்போது சத்தம் பிந்தி வந்தால் "கேம் மோட்" இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் வயர் ஹெட்போன்தான் வழி.

சாரலும் வியர்வையும்

ஜூன் பிறந்தால் எங்களுக்குச் சாரல். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு இயர்பட்ஸ் மாட்டுவது, ரப்பர் தோட்டத்து வேலையில் வியர்வையோடு கேஸில் போட்டு மூடுவது, இவை இரண்டும்தான் இங்கே இயர்பட்ஸின் ஆயுளைக் குறைக்கின்றன. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று இருந்தால் தண்ணீர் தெளித்தால் தாங்கும், அவ்வளவுதான். அருவியில் நிற்பதற்கு இல்லை. அந்தத் தாங்குதிறனும் பட்டுகளுக்கு மட்டுமே, கேஸுக்குப் பெரும்பாலும் கிடையாது.

நனைந்துவிட்டால் கேஸில் போடாதீர்கள். ஈரத்தோடு பின்னில் கரண்ட் பட்டால் அரிப்பு வேகமாக நடக்கும். துணியால் ஒற்றி, ரப்பர் முனையைக் கழற்றி, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் ஒரு மூடிய டப்பாவில் சேர்த்து வைக்கலாம். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத் தூள் வலைக்குள் போய்விடும். ஹேர் டிரையரும் வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். புளியரை எஸ் வளைவில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். லாரி ஹாரன்தான் அங்கே உயிர்.

எதுவுமே பலிக்கவில்லை

முதலில் இயர்பட்ஸை வேறொரு போனில் சேர்த்துப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குறை உங்கள் போனில். போன் சாப்ட்வேர் அப்டேட் இருந்தால் போடுங்கள், பிறகு நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்யுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், சிஸ்டம், "ரீசெட் ஆப்ஷன்ஸ்" என்று போனால் புளுடூத், வைஃபை ரீசெட் இருக்கும். ஐபோனில் "ஜெனரல்" பகுதியின் அடியில் "டிரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட் ஐபோன்", அதற்குள் "ரீசெட்", அதற்குள் "ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்". படம், எண்கள் எதுவும் அழியாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

வேறு போனிலும் அதே குறை என்றால் இயர்பட்ஸ்தான். இரண்டு, மூன்று வருடம் ஓடியது முழுச் சார்ஜிலும் அரை மணி நேரத்தில் அணைகிறது என்றால் பேட்டரி முடிந்துவிட்டது. ஒட்டி மூடிய உடல் என்பதால் பிரித்துப் பேட்டரி மாற்றுவது நானே பரிந்துரைக்காத வேலை. வாரண்டி இருந்தால் எங்களிடம்கூடக் கொடுக்காமல் நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள், நாங்கள் பிரித்தால் வாரண்டி போய்விடும்.

புனலூரில் ஓணத் தள்ளுபடியில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனி தரும் வாரண்டி பொதுவாக இந்தியா முழுக்கச் செல்லும், பில்லில் தேதியும் மாடல் பெயரும் இருந்தால் தென்காசியிலோ திருநெல்வேலியிலோ உள்ள சென்டரில் கொடுக்கலாம். கடைக்காரர் தன் சார்பில் தரும் "ஏழு நாளில் மாற்றித் தருகிறேன்" என்பது மட்டும் அந்தக் கடையோடு சரி. பில்லின் மை சில மாதத்தில் மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.